பௌபஜாரில் அளக்கப்பட்ட முழவு: பொறித்தாளத்தின் உண்மைத்தன்மை குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கொல்கத்தாவில் லால்பஜாரிலிருந்து கிழக்கே சியால்தா வரை செல்லும் ஒரு தெரு உண்டு. அதன் இன்றைய பெயர் விபின் பிகாரி கங்கூலி தெரு. பழைய பெயர் பௌபஜார் தெரு. மேற்கு முனையில், ரவீந்திர சரணி வந்து சேரும் பகுதியில், தபலாவும் ஹார்மோனியமும் விற்கும் இசைக்கருவிக் கடைகள் உள்ளன. கிழக்கு முனையில் சியால்தா ரயில் நிலையம். ஆண்டுதோறும் துர்கா பூஜைக்கு முன் டாக் என்னும் பெருமுழவைத் தோளில் சுமந்து வரும் கிராமத்து முழவர்கள் அங்கேதான் கூடி, தங்களை அமர்த்துவோரை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள். நூற்றாண்டுக்கு முன் இதே சியால்தாவில் கிராமபோன் கம்பெனியின் இசைத்தட்டு ஆலையும் இயங்கியது. இந்த இரு முனைகளுக்கும் நடுவே, 210ஆம் எண் கட்டடத்தில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் மிருதங்கத்தையும் தபலாவையும் இயற்பியலின் கண்கொண்டு ஆராயத் தொடங்கிய இடம் அதுவே.

மின்னணு இசையில் தாளம் அமைப்போர் அனைவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்கள்: பொறியில் எழுதிய முழவு ஏன் முழவாக ஒலிப்பதில்லை? இக்கேள்விக்கு இரு கூறுகள் உண்டு. ஒன்று ஒலியின் தன்மையைப் பற்றியது. மற்றொன்று காலத்தைப் பற்றியது. முதற்கூறின் வரலாறு பௌபஜார் தெருவைத் தொட்டுச் செல்கிறது. இரண்டாம் கூறின் வரலாறு அமெரிக்கா, லண்டன், லக்னோ என்று அலைந்து மீண்டும் வங்காளத்துக்கு வருகிறது. இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் படிக்கும்போது ஒரு பொதுவான உண்மை புலப்படுகிறது. முழவின் இனிமையும் தாளத்தின் உயிர்ப்பும் கணக்காகப் பேணப்பட்ட ஒரு சமமின்மையிலிருந்தே பிறக்கின்றன. அந்தச் சமமின்மையை உண்டாக்கிய கைகளின் பெயர்களோ பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை.

1. கொம்புக்குழாய்க்கு எட்டாத ஒலி

1902 நவம்பரில் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தார். இந்தியாவில் வணிக நோக்கில் நடந்த இசைப்பதிவின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. 1908ஆம் ஆண்டளவில் சியால்தாவில் இசைத்தட்டுகள் உற்பத்தியாகத் தொடங்கின. பின்னர் ஆலை டம்டம் பகுதிக்குப் பெயர்ந்தது.

அக்காலப் பதிவுமுறையில் மின்சாரத்துக்கு இடமில்லை. பாடகர் ஒரு கொம்புக்குழாயினுள் பாட, காற்றின் அதிர்வு நேரே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. குறுகிய சுர எல்லையை மட்டுமே ஏற்கும் அக்குழாய்க்கு முழவின் அடித்தொனி எட்டவில்லை. பலத்த அடி விழுந்தால் ஊசியே தடம் புரளும் அபாயமும் இருந்தது. எனவே உலகெங்கும் பதிவுக்கூடங்களில் முழவு வாசிப்போர் குழாயிலிருந்து தள்ளி நிறுத்தப்பட்டனர்; சில வேளைகளில் முழவுக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டினர். 1925இல் மைக்கும் மின்பதிவும் வந்த பின்னரே முழவின் அடித்தொனி ஓரளவேனும் தட்டில் பதிந்தது. ஆக, பொறிக்கும் முழவுக்கும் நேர்ந்த முதற்சந்திப்பு ஒரு தோல்வியே. முழவொலி எதனால் ஆனது என்பதைப் பொறி அறிந்திருக்கவில்லை.

2. ராமனின் கேள்வி

1907இல் இந்திய நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தபோது ராமனுக்கு வயது 18. டிராமில் அலுவலகம் செல்லும் வழியில் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அக்கழகத்தில் அப்போது ஆராய்ச்சி பெரும்பாலும் ஓய்ந்து கிடந்தது. அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் ராமன் அங்கே உழைத்தார். 1917இல் அரசு வேலையை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார்.

1928இல் வெளிப்பட்ட ஒளிச்சிதறல் விளைவின் புகழில் அதற்கு முந்தைய ராமன் மறைந்துபோனார். கல்கத்தாவில் அவர் செலவிட்ட முதற்பத்தாண்டுகளில் பெரும்பகுதி ஒலிக்கும் இசைக்கருவிகளுக்கும் உரியது. தந்தையார் வயலின் வாசித்தவர். துணைவியார் லோகசுந்தரி வீணை பயின்றவர். வயலின் நரம்பில் வில் படும் இயக்கத்தைப் பற்றி 1918இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். மனிதக் கையின் மாறுபாட்டை விலக்கி அளப்பதற்காக, வயலினை வாசிக்கும் ஒரு பொறியையும் அமைத்தார். தம்புராவிலும் வீணையிலும் உள்ள வளைந்த குதிரையின் விந்தையை 1921இல் விளக்கினார். ஜெர்மனியில் வெளிவந்த பெரும் இயற்பியல் கலைக்களஞ்சியத்துக்காக 1927இல் இசைக்கருவிகள் குறித்த பகுதியை எழுதியவரும் அவரே.

இவ்வரிசையில்தான், சிவகாளி குமாருடன் இணைந்து அவர் எழுதிய ஒரு சிறு குறிப்பு 1920இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. இசைவான மேற்சுரங்களைத் தரும் முழவுகள் என்பது அதன் பொருள்.

அக்குறிப்பின் அழுத்தத்தை உணர அக்காலத்து ஒலியியலை நினைவுகூர வேண்டும். இழுத்துக் கட்டிய நரம்பை மீட்டினால் அடிச்சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து எழும். காது அவற்றை ஒன்றாக இணைத்து ஒரே சுரமாகக் கேட்கிறது. வட்டமான தோலை அடித்தால் அவ்வாறு நிகழ்வதில்லை. அடிச்சுரத்தின் அதிர்வெண் 100 எனக் கொண்டால், சீரான தோலில் எழும் மற்ற அதிர்வுகள் 159, 214, 230, 265, 292 என்று ஒழுங்கின்றி அமையும். இவற்றுள் எதுவும் முழு மடங்கன்று. ரேலியின் ஒலியியல் நூலில் விரிவாகக் காணப்படும் இக்கணக்கின்படி முழவு என்பது தாளத்துக்கு உதவும் ஓசைக்கருவியே. சுரம் பேசுவது அதற்கு இயலாது.

ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையும் தபலாவின் வலக்கை முழவும் சுருதி சேர்க்கப்படுபவை. ஒரு பாடகரின் ஆதார சுருதியோடு அவை இழைந்து நிற்பதை எந்தக் கச்சேரியிலும் கேட்கலாம். கணக்குக்கும் காதுக்கும் இடையிலிருந்த இந்த முரணே ராமனின் கேள்வி.

3. கரணை செய்யும் வேலை

விடை, தோலின் நடுவே உள்ள கரும்பூச்சில் இருந்தது. தமிழ்நாட்டில் அது கரணை, வங்காளத்தில் காப், வடநாட்டில் ஸ்யாஹி. மிருதங்கத்தில் கிட்டான் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்தும், தபலாவில் இரும்புப் பொடியை மாவுப்பசையோடு சேர்த்தும் இதைப் பூசுகிறார்கள். நடுவில் தடித்தும் விளிம்பை நோக்கி மெலிந்தும் அமையும் இப்பூச்சு தோலின் எடையைச் சமமற்றதாக்குகிறது. அந்தச் சமமின்மை அதிர்வெண்களை இடம்பெயரச் செய்து, 100, 200, 300, 400, 500 என்னும் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது.

கல்கத்தாவில் தொடங்கிய இவ்வாய்வை ராமன் பெங்களூருக்குப் பெயர்ந்த பின் 1934இல் இந்திய அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் விரிவாக எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அதிராத கோடுகளில் மணல் தங்கும் வடிவங்களைக் கொண்டு ஒவ்வோர் அதிர்வையும் அடையாளம் கண்டார். அவர் கண்டது வியப்புக்குரியது. தோலில் தனித்தனியே எழக்கூடிய ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களாகத் திரண்டு நிற்கின்றன. முதற்சுரத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இரண்டிரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. ஒரே சுரத்தைச் சேர்ந்த அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்து புதிய வடிவங்களையும் எடுக்கின்றன.

இதிலிருந்து வாசிப்பவரின் விரலுக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. தபலாவில் மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டிருக்க, சுட்டுவிரல் விளிம்பில் விழுகிறது. தொட்டிருக்கும் விரல் அடிச்சுரத்தை அடக்கிவிடுவதால் அதன் இரட்டை மடங்கான சுரம் தெளிந்து ஒலிக்கிறது. எந்த அதிர்வை எழுப்புவது, எதை அடக்குவது என்னும் தெரிவு விரலின் இடத்திலும் தொடுகையிலும் அடங்கியுள்ளது. ஒவ்வொரு சொல்லும், அதாவது மிருதங்கத்தின் நம், தீம் முதலியவையும் தபலாவின் நா, தின் முதலியவையும், அத்தகைய ஒரு தெரிவின் பெயர்.

1954இல் பெங்களூரைச் சேர்ந்த பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் இந்தத் தோலை இரு அடர்த்திகள் கொண்ட கூட்டுத்தோலாகக் கொண்டு கணித வடிவம் தந்தனர். 1982இல் தாமஸ் ராசிங், சைக்ஸ் ஆகியோர் கரணையின் பூச்சு அடுக்கடுக்காக ஏறும்போதே மேற்சுரங்கள் படிப்படியாக ஒழுங்கை நெருங்குவதை அளந்து காட்டினர். ஒவ்வோர் அடுக்கையும் பூசி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, அடுத்த அடுக்கைப் பூசும் கைவினைஞர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவதையே ஆய்வகம் எண்களாகப் படித்தது எனலாம்.

4. பொறியின் இரு வழிகள்

முழவொலியைப் பொறியில் உண்டாக்க இரு வழிகள் உண்டு. ஒலியை அதன் கூறுகளிலிருந்து கட்டி எழுப்புவது ஒன்று. உண்மையான முழவைப் பதிவு செய்து துண்டாக்கிப் பயன்படுத்துவது மற்றொன்று. 1980இல் இவ்விரண்டும் ஒருசேர அரங்கேறின.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் அவ்வாண்டில் வெளியிட்ட டிஆர்-808 முதல் வழியைச் சேர்ந்தது. அதன் சுற்றுகள் மின்னதிர்வுகளால் முழவொலியைப் போலி செய்தன. உண்மையான டிரம்மைப் போல் அது ஒலிக்கவில்லை. 1983இல் உற்பத்தியும் நின்றது. பிற்காலத்தில் அந்தப் போலி ஒலியே தனக்கெனப் பெரும் ரசிகர் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டது. இப்பொறிக்கும் கல்கத்தாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் டிஆர்-808இன் தாளத்தின் மேல் பத்து இராகங்களை வாசித்து உருவாக்கிய இசைத்தட்டை, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்டது. அன்று கவனம் பெறாத அத்தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டபோது, உலக நடன இசை வரலாற்றின் முன்னோடிகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது.

அமெரிக்கரான ரோஜர் லின் அதே 1980இல் கொண்டுவந்த எல்எம்-1 இரண்டாம் வழியைச் சேர்ந்தது. உண்மையான டிரம் அடிகளின் எண்முறைப் பதிவுகள் அதில் இருந்தன. ஒலி உண்மையானது, எனினும் வாசிப்பு பொறியினுடையதாகவே கேட்டது. காரணம் காலம். எல்லா அடிகளும் சரிசமமான கட்டங்களில் விழுந்தன. லின் இதற்கு ஒரு தீர்வு கண்டார். இரண்டிரண்டாக வரும் அடிகளில் இரண்டாவதைச் சற்றே தாமதப்படுத்தும் வசதியை அமைத்தார். நிமிடத்துக்கு 136 தட்டுகள் என்னும் வேகத்தில் ஒரு தட்டின் கால்பங்கு ஏறத்தாழ 110 மில்லிநொடி. இரண்டாம் அடியை 9 மில்லிநொடி தள்ளினாலே தாளத்தின் நடை மாறிவிடுகிறது. எண்ணிப் பார்க்க இயலாத அந்த இடைவெளியை உடல் உணர்கிறது.

5. ஏழு நொடிகள்

பாட்டின் நடுவே பிற கருவிகள் விலக, டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை அமெரிக்க இசையுலகம் ‘பிரேக்’ என்கிறது. 1969இல் ‘தி வின்ஸ்டன்ஸ்’ குழு வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்னும் பாடலில் கிரெகரி கோல்மன் வாசித்த பிரேக் ஏறத்தாழ 7 நொடி நீளமுடையது. நான்கு ஆவர்த்தங்கள் மட்டுமே. 1980களில் இசைத்துண்டுகளைப் பதிந்து மீட்டுத் தரும் சாம்ப்ளர்கள் பரவியபோது இந்த 7 நொடிகள் ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அடித்தளமாயின. 1987இல் வந்த எஸ்பி-1200 என்னும் சாம்ப்ளரின் நினைவகம் மொத்தம் 10 நொடி ஒலியை மட்டுமே கொள்ளும். அத்தகைய பொறிக்கு இத்துண்டு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. 1990களில் பிரிட்டனில் எழுந்த ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் ஆகிய வகைகள் இதை விரைவுபடுத்தி, அடி அடியாக நறுக்கி, வரிசை மாற்றி அடுக்கின.

அந்த 7 நொடிகளை உற்றுக் கேட்பவர்க்கு ஒரு பாடம் கிடைக்கும். முதல் இரு ஆவர்த்தங்கள் ஒரே நடையில் செல்கின்றன. மூன்றாவதில் ஸ்னேர் அடி ஒன்று எதிர்பார்த்த இடத்தைத் தவிர்த்துத் தாமதமாக விழுகிறது. நான்காவதில் முதல் தட்டு வெறுமையாக விடப்படுகிறது. பின்னர் சிம்பல் முன்கூட்டியே வெடிக்கிறது. பெரிய ஸ்னேர் அடிகளுக்கு இடையே, ‘கோஸ்ட் நோட்’ என்று டிரம்மர்கள் சொல்லும் மெல்லடிகள் செவிக்கு எட்டியும் எட்டாமலும் ஓடுகின்றன.

கணினியில் இயல்பான பிரேக்கை எழுத முயல்வோர் இன்று பயிலும் விதிகள் அனைத்தும் இத்தகைய வாசிப்புகளிலிருந்து உய்த்துணரப்பட்டவை. ஒவ்வோர் அடியின் விசையையும் வேறுபடுத்த வேண்டும். 1983இல் வந்த மிடி என்னும் பொறிமொழி அதற்கு 0 முதல் 127 வரை படிநிலைகள் தருகிறது. சில அடிகளைக் கட்டத்துக்கு முன்னும் சிலவற்றைப் பின்னும் நகர்த்த வேண்டும். ஒரே பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கியின் ஓசை வந்துவிடும்; எனவே ஒரே அடியின் பல பதிவுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஒரு மனிதருக்கு இரண்டு கைகளே என்பதை மறந்து மூன்று இடங்களில் ஒரே நொடியில் கையடி எழுதக் கூடாது.

இவற்றுள் ஒரு விதி ராமனின் ஆய்வோடு நேரே இணைகிறது. மெல்லிய அடி என்பது பலத்த அடியின் ஒலியைக் குறைத்ததால் பெறப்படுவதன்று. விசையும் இடமும் மாறும்போது தோலில் எழும் அதிர்வுகளின் கலவையே மாறிவிடுகிறது. ஒலி அளவோடு ஒலியின் நிறமும் வேறாகிறது. ஒலி அளவை மட்டும் குறைத்து மெல்லடி செய்பவர் ஏமாற்றமடைவது இதனால்தான். பதிவுத் துண்டுகள் இன்றி, அதிர்வெண்களையும் அவை தேயும் வேகத்தையும் கணக்கிட்டு முழவை உருவாக்கும் இன்றைய முறைகளுக்கும் அடிப்படை இதே அறிவு. எந்தெந்த அதிர்வு, எவ்வளவு, அடி விழும் இடத்தைப் பொறுத்து எப்படி மாறும் என்னும் பட்டியலே அம்முறைகளின் உயிர். அத்தகைய பட்டியலை இந்திய முழவுக்காக முதலில் வரைந்தவர்களுள் பௌபஜார் ஆய்வாளர்கள் முன்வரிசையினர்.

6. சொற்கட்டும் நிரலும்

நிரல் என்பது புதிய சொல்லாயினும் முழவுக்கு நிரல் எழுதும் வழக்கம் இந்தியாவில் பழையது. தமிழ்நாட்டுச் சொற்கட்டும் வடநாட்டு போலும் வாயால் சொல்லத்தக்க நிரல்களே. எந்த அடி, எந்த வரிசையில், எந்தக் காலத்தில் என்பதை அவை குறிக்கின்றன. கொல்கத்தாவில் இம்மரபை வளர்த்தவர்களுள் ஞான பிரகாஷ் கோஷ் (மறைவு 1997) தனியிடம் பெறுபவர். மசீத் கானிடம் பயின்ற அவர், சங்கர் கோஷ், கனாய் தத்தா, சியாமல் போஸ், அனிந்தோ சட்டர்ஜி முதலிய தபலாக் கலைஞர்களை உருவாக்கினார். அவ்வீட்டில் கற்பிக்கப்பட்டது அடிகளின் பட்டியலுக்கு அப்பாற்பட்ட ஓர் இலக்கணம்: ஒரு காய்தாவை எப்படி விரிக்கலாம், எங்கே இடக்கை முழவின் தொனி விலக வேண்டும், எந்தச் சொல் எதன் பின் வரலாகாது என்பன.

இந்த இலக்கணத்தைக் கணினியில் எழுத முடியுமா என்பதை 1980களில் இருவர் சோதித்தனர். ஜேம்ஸ் கிப்பன் லக்னோவில் ஆஃபாக் உசேன் கானிடம் தபலா பயின்ற இசை மானிடவியலாளர். பெர்னார்ட் பெல் கணினி அறிஞர். இருவரும் உருவாக்கிய ‘போல் பிராசசர்’ என்னும் நிரல் காய்தாவின் விதிகளைக் கொண்டு புதிய வரிசைகளைப் பிறப்பித்தது. அவற்றை ஆசான் முன் வைத்து, எவை ஏற்கத்தக்கவை, எவை தகாதவை என்று கேட்டனர். அவருடைய தீர்ப்புக்கேற்ப விதிகளைத் திருத்தினர், மீண்டும் கேட்டனர். 1989இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு இம்முறையை விளக்குகிறது.

இச்சோதனையின் சிறப்பு அதன் அறத்தில் உள்ளது. பொறி எழுதியது சரியா என்பதைத் தீர்மானிக்கும் இறுதி உரிமை வாசிப்பவரிடம் இருந்தது. அவர் பெயரும் ஆய்வில் இடம்பெற்றது. அதே காலப்பகுதியில் பெங்களூரில் பொறியாளர் ஜி. ராஜ் நாராயணின் ராடெல் நிறுவனம் கொண்டுவந்த ‘தால்மாலா’ போன்ற மின்தபலாக்கள் பயிற்சி அறைகளில் நுழைந்தன. இன்று அவற்றின் இடத்தைக் கைப்பேசிச் செயலிகள் பெற்றுவிட்டன. தேக்கா மாறாமல் சுழலும் அப்பொறிகள் மாணவருக்குப் பெருந்துணை. ஆயினும் பாடகர் மூச்சு வாங்கும்போது காத்து நிற்கும் தபலாக்காரரின் தாமதம் அவற்றில் இல்லை.

7. வங்காளம் திரும்பிய பிரேக்

பிரேக்குகளை நறுக்கி அடுக்கும் கலை 1990களின் லண்டனில் தெற்காசியக் குடியேற்றத்தாரின் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது. தபலா பயின்ற தல்வின் சிங் 1997இல் தொகுத்த ‘அனோக்கா’ இசைத்தொகுப்பும், 1999இல் மெர்க்குரி பரிசு பெற்ற அவருடைய ‘ஓகே’ தொகுப்பும் அந்த அலையின் அடையாளங்கள். அதில் ‘ஸ்டேட் ஆஃப் பெங்கால்’ என்னும் பெயரில் இயங்கிய சாம் சமான் (1965–2015) வங்காளப் பின்னணியினர். 2004இல் அவர் பாவுல் பாடகர் பவன் தாஸ் பாவுலுடன் ‘தானா டானி’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். முர்ஷிதாபாத் மண்ணிலிருந்து வந்த பாவுலின் குரலும் கைக்கருவிகளும் கணினியில் கட்டிய தாளத்தோடு அங்கே சந்தித்தன.

இச்சந்திப்பில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பாவுலின் காலம் கடிகாரக் காலமன்று. வரியின் உணர்ச்சிக்கேற்ப அது நீளும், சுருங்கும். கணினியின் காலமோ கட்டமிட்டது. இரண்டையும் சேர்ப்பவருக்கு இரு தெரிவுகளே உள்ளன: பாடகரைக் கட்டத்துக்குள் இழுப்பது, அல்லது கட்டத்தைப் பாடகருக்காக வளைப்பது. ஒவ்வொரு மின்னணுத் தொகுப்பும் இவ்விரண்டுக்கும் இடையே தன் இடத்தைத் தேர்கிறது. அத்தேர்வு தொழில்நுட்பத்தைப் போலவே அதிகாரத்தையும் பொறுத்தது: யாருடைய காலம் அளவுகோலாகிறது என்பதே அங்குள்ள கேள்வி.

8. ஏட்டில் ஏறாத கைகள்

கிரெகரி கோல்மன் அந்த 7 நொடிகளுக்காக உரிமத்தொகை எதுவும் பெறாமல், வீடற்ற நிலையில் 2006இல் இறந்தார். 2015இல் ரசிகர்கள் திரட்டிய ஏறத்தாழ 24,000 பவுண்டு குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்குச் சென்றது. வாசித்தவர் அப்போது உயிரோடில்லை. பாடலுக்கு உரிமையாளர் உண்டு, ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. ஒரு ஸ்னேர் அடியைத் தாமதப்படுத்திய கைக்குச் சட்டத்தில் இடமில்லை.

இதன் இந்திய வடிவம் வேறு விதமானது. ராமன் இந்திய முழவின் ஒலியியற் சிறப்பைப் பண்டைய இந்தியரின் அறிவாகப் போற்றினார். மேற்கத்திய ஒலியியல் முழவை இசைக்கு வெளியே நிறுத்திய காலத்தில் அந்தப் போற்றுதலுக்கு ஓர் அரசியல் தேவை இருந்தது. ஆனால் பண்டையோர் என்னும் சொல் சமகாலத்துக் கைகளை மறைத்துவிடுகிறது. கரணையைப் பூசித் தேய்ப்பவர்களும், தோலைப் பதப்படுத்தி வார் இழுப்பவர்களும் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். தமிழ்நாட்டில் அவர்களுள் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தைப் போன்ற மிருதங்கக் கைவினைஞர்களின் வரலாறு, டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட நூலின் வழியாகவே பரவலான வாசகரை எட்டியது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பேசுவோர் அந்நாதத்துக்காக அவரோடு உழைத்த பர்லாந்தின் பெயரை அறியாதிருந்தது இசையுலகின் பழக்கம். ராமனின் ஒன்பது அதிர்வுகளை ஐந்து சுரங்களாகத் திரட்டியவை இத்தகைய கைகளே.

இன்று இக்கேள்வி மேலும் கூர்மையடைந்துள்ளது. ஆயிரக்கணக்கான முழவுப் பதிவுகளைக் கற்றுத் தானே வாசிக்கும் நிரல்கள் வந்துவிட்டன. கோல்மனின் தாமதமும் ஆஃபாக் உசேன் கானின் தீர்ப்பும் செபாஸ்டியன் குடும்பத்தின் பூச்சும் இனித் தரவு என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடக்கூடும். பொறியின் முழவு இயல்பாக ஒலிக்கும் அளவுக்கு, அந்த இயல்பு எங்கிருந்து வந்தது என்பது மறையும்.

அறிவியல் வளர்ச்சிக் கழகம் பின்னர் ஜாதவ்பூருக்குப் பெயர்ந்தது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ராமன் பெயரால் இயற்பியலுக்கும் இசைக்குமான மையம் ஒன்று இருந்து, இந்திய இசையொலிகளை ஆராய்ந்து வருகிறது. இசையியல், இயற்பியல், சமூக வரலாறு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயிலும் மாணவர்களுக்கு இங்கே செய்வதற்குப் பணிகள் பல உள்ளன. கொல்கத்தாவின் தபலாக் கைவினைஞர்களைப் பற்றிய முறையான வாய்மொழி வரலாறு அவற்றுள் ஒன்று. டாக் முழவின் அடிமுறைகளையும் காலமாறுபாடுகளையும், வாசிப்பவரின் பெயரோடும் ஒப்புதலோடும் பதிவு செய்து அளப்பது மற்றொன்று. முழவுப் பதிவுத் தொகுப்புகளை விற்கும் சந்தையில் வாசித்தவருக்கு எவ்வளவு சேர்கிறது என்பதை ஆராய்வது மூன்றாவது.

2021இல் கொல்கத்தாவின் துர்கா பூஜை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பூஜைக்கு முந்தைய நாட்களில் பாங்குரா, முர்ஷிதாபாத் முதலிய மாவட்டங்களிலிருந்து வரும் முழவர்கள் இன்றும் சியால்தாவில் இறங்கி, நிலையத்தின் வெளியே டாக்கைக் கொட்டித் தம் கைத்திறனைக் காட்டுகிறார்கள். கூலி அங்கேயே பேசி முடிக்கப்படுகிறது. வாசிப்பவரின் பெயரைப் பலரும் கேட்பதில்லை. அங்கிருந்து 210ஆம் எண் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம்.